படகுப் பொறியின் அடிப்பெட்டி – பழையதைப் பிரித்துப் புதுக்கும் முறை

ஆற்றிலும் ஏரியிலும் கடலோரத்திலும் ஓடும் சிறு படகுகளின் பின்பலகையில் மாட்டப்படும் மோட்டாரை அவுட்போர்டு மோட்டார் என்பர். மலாய் மொழியில் அதற்கு ‘எஞ்சின் சங்குட்’ என்று பெயர். மாட்டித் தொங்கவிடப்பட்ட பொறி என்பது அதன் பொருள். அப்பொறியின் தலை படகுக்கு மேலே நிற்கிறது. கால் நீருக்குள் நிற்கிறது. எரிபொருளை எரித்து ஆற்றலை உண்டாக்குவது தலை. அந்த ஆற்றலை வாங்கிப் படகைத் தள்ளுவது கால்.

பழைய மோட்டார் ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலோர் முதலில் தலையைத்தான் திறந்து பார்க்கின்றனர். தீப்பொறி வருகிறதா, எரிபொருள் செல்கிறதா என்று ஆராய்கின்றனர். அவையெல்லாம் வெளியிலிருந்து எளிதில் காணத்தக்கவை. காலின் அடியிலுள்ள பெட்டியோ மூடியே கிடக்கிறது. ஆயினும் அம்மோட்டார் இனியும் உழைக்குமா, பழைய இரும்புக் கடைக்குச் செல்லுமா என்பதைப் பல நேரங்களில் முடிவு செய்வது அந்தப் பெட்டியே. அதனுள் என்ன இருக்கிறது, அது எவ்வாறு கெடுகிறது, கெட்டதைப் பிரித்துப் புதுக்குவது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றமும் வளர்ச்சியும்

படகில் மாட்டவும் கழற்றவும் ஏற்ற மோட்டாரைச் செய்து பெருவாரியாக விற்றுப் புகழ் பெற்றவர் ஓலே எவின்ரூட். 1877-ஆம் ஆண்டில் நார்வே நாட்டில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியவர். வெயில் நாளொன்றில் ஏரியின் மறு கரைக்குத் துடுப்புப் போட்டுச் சென்று ஐஸ்கிரீம் வாங்கி வந்தபோது, அது வழியிலேயே உருகிவிட்டதென்றும், அந்தச் சலிப்பிலேயே படகு மோட்டாரைப் பற்றிய எண்ணம் அவருக்குத் தோன்றியதென்றும் ஒரு கதை வழங்குகிறது. 1909-இல் மில்வாக்கி நகரில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டார் ஒன்றரைக் குதிரைத் திறன் உடையது. அதன் எடை 62 பவுண்டு. விலையும் 62 டாலர்.

மேலே பொறி, அதிலிருந்து கீழிறங்கும் செங்குத்தான தண்டு, அடியில் திசையை மாற்றும் சாய்பற் சக்கரங்கள், அவற்றின் பின்னே புரொப்பெல்லர் எனப்படும் சுழல் விசிறி என்னும் அமைப்பு அந்த மோட்டாரிலேயே இருந்தது. இன்றைய அவுட்போர்டு மோட்டாரிலும் அடிப்படை அதுவே.

அக்காலச் சிறு மோட்டார்கள் பலவற்றில் பொறி ஓடினால் விசிறியும் ஓடும். இரண்டையும் பிரித்து நிறுத்த வழியில்லை. பின்னோக்கிச் செல்ல வேண்டுமானால் மோட்டாரையே அரைச் சுற்றுத் திருப்ப வேண்டும். 1949-இல் ஜான்சன் நிறுவனம் வெளியிட்ட கியூ.டி. என்னும் 10 குதிரைத் திறன் மோட்டாரில் முன்செல்லல், நடுநிலை, பின்செல்லல் என மூன்று கியர் நிலைகள் அமைந்தன. எரிபொருள் தொட்டியும் தனியே பிரித்து வைக்கப்பட்டது. இவ்வகை மோட்டார்கள் 1950-களில் பெரும் எண்ணிக்கையில் விற்பனையாயின.

ஜான்சன், எவின்ரூட் ஆகிய இரு பெயர்களும் 1936-இல் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. அவுட்போர்டு மெரைன் கார்ப்பரேஷன் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அந்நிறுவனம் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் நொடித்துப் போயிற்று. அதன் பெயர்களை வாங்கிய நிறுவனமும் 2020-இல் எவின்ரூட் மோட்டார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எனவே இப்பழைய மோட்டார்களுக்கான ரப்பர் வளையங்கள் போன்ற சிறு உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றனவெனினும், பற்சக்கரம் போன்ற பெரிய உறுப்புகளுக்கு வேறொரு பழைய மோட்டாரைத் தேடியலைய வேண்டியதாகிறது. அடிப்பெட்டியைக் காலத்தில் திறந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம்.

பெட்டியின் உள்ளமைப்பு

1950-களின் கியர் மோட்டார் ஒன்றன் அடிப்பெட்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மேலிருந்து இறங்கும் இயக்குத்தண்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கும். அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய பற்சக்கரங்கள் கிடையான விசிறித்தண்டின்மேல் தளர்வாகச் செருகப்பட்டிருக்கும். சிறு சக்கரம் இரண்டோடும் எப்போதும் பல்லுக்குப் பல் பொருந்தியே நிற்கும். ஆதலின் பொறி ஓடும்போது முன்சக்கரம் ஒரு பக்கமாகவும் பின்சக்கரம் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் சுழன்றுகொண்டேயிருக்கும்.

அவ்விரண்டிற்கும் நடுவே, விசிறித்தண்டோடு சேர்ந்து சுழலவும் அதன்மேல் முன்னும் பின்னும் நகரவும் ஏற்றவாறு ஓர் இணைப்பு வளையம் உண்டு. அதனைக் கிளட்சு என்பர். அதன் இரு முகங்களிலும் முரட்டுப் பற்கள் சில இருக்கும். வளையம் முன்னே நகர்ந்து முன்சக்கரத்தின் பற்களைக் கவ்வினால் படகு முன்னே செல்லும். பின்னே நகர்ந்து மற்றதைக் கவ்வினால் பின்னே செல்லும். எதனையும் கவ்வாமல் நடுவில் நின்றால் பொறி ஓடும், படகு நிற்கும்.

வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டுவதும் இப்பற்சக்கரங்களின் வேலையே. காட்டாக, சிறு சக்கரத்திற்கு 12 பற்களும் பெரிய சக்கரத்திற்கு 21 பற்களும் இருந்தால், பொறி நிமிடத்திற்கு 4,200 சுற்றுச் சுற்றும்போது விசிறி 2,400 சுற்றே சுற்றும். சுற்றுக் குறைந்த அளவுக்கு விசிறியைத் திருப்பும் விசை மிகும். பெரிய விசிறியை நிதானமாகச் சுழற்றுவது, சிறு விசிறியை வெறியோடு சுழற்றுவதினும் படகைத் தள்ளுவதற்கு ஏற்றது.

இவையனைத்தும் கெட்டியான கியர் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. பெட்டிக்கு மேலே, அதே இயக்குத்தண்டைச் சுற்றித் தண்ணீர்ப் பம்பு அமைந்திருக்கும். அதனுள் இம்பெல்லர் என்னும் ரப்பர்ச் சக்கரம் சுழன்று, வெளி நீரை இழுத்து, மேலே உள்ள பொறியைக் குளிர்விக்கிறது.

தண்ணீர் நுழையும் வழி

நீருக்குள் கிடக்கும் பெட்டிக்குள் எண்ணெய் இருக்க வேண்டும். நீர் புகக் கூடாது. ஆனால் தண்டுகள் வெளியிலிருந்து உள்ளே சென்றாக வேண்டும். அவை நுழையும் வாயில் ஒவ்வொன்றிலும் சீல் எனப்படும் ரப்பர்த் தடுப்பு வளையம் காவல் இருக்கிறது. விசிறித்தண்டு வெளிவரும் பின்வாயில், இயக்குத்தண்டு நுழையும் மேல்வாயில், கியர் மாற்றும் கம்பி இறங்கும் சிறுவாயில் ஆகிய மூன்றும் முதன்மையானவை. எண்ணெய் ஊற்றும் துளையை மூடும் திருகாணிகளின் அடியிலுள்ள சிறு வளையங்களும் காவலர்களே.

உள்ளே எண்ணெய் நிறைந்திருக்கும்போது நீர் எவ்வாறு உட்புகும் என்ற ஐயம் எழலாம். மோட்டார் ஓடும்போது பெட்டி சூடேறுகிறது. உள்ளிருக்கும் எண்ணெயும் காற்றும் விரிகின்றன. தேய்ந்த வளையத்தின் வழியே அவற்றில் சிறிது வெளியே கசிகிறது. மோட்டாரை நிறுத்தியதும் பெட்டி குளிர்ந்த நீரில் விரைவாக ஆறுகிறது, உள்ளிருப்பவை சுருங்குகின்றன. அப்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. கசிந்து சென்ற வழியிலேயே வெளி நீர் உறிஞ்சப்படுகிறது. ஒரு நாளைக்குச் சில துளிகளே புகுந்தாலும், பல நாட்களில் அது பெருந்தீங்காகிறது.

எண்ணெயோடு கலந்த நீர் பற்களுக்கு இடையே இருக்க வேண்டிய எண்ணெய்ப் படலத்தை மெலிவிக்கிறது. ஓய்ந்திருக்கும் காலத்தில் எண்ணெயிலிருந்து பிரிந்து அடியில் தங்கி, எஃகுச் சக்கரங்களையும் பேரிங் குண்டுகளையும் துருவேற்றுகிறது. விஸ்கான்சின் போன்ற குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் அந்நீர் உறைந்து விரிந்து பெட்டியையே பிளந்துவிடும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்ப நாடுகளில் அந்த இடர் இல்லை. அதற்கு ஈடாகக் கடலின் உப்பு இங்கே அழிவு வேலையைச் செய்கிறது.

வளையம் கெடுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ரப்பர் ஆண்டுக்கணக்கில் இறுகி நெகிழ்ச்சியை இழக்கிறது. வளைந்த தண்டு அதனை ஒரு பக்கமாகத் தேய்க்கிறது. தூண்டில் நரம்பு விசிறிக்குப் பின்னே சுற்றிக்கொண்டால் அது வளையத்தின் உதட்டைக் கத்திபோல் அறுத்துவிடுகிறது. விசிறியைக் கழற்றும்போதெல்லாம் அதன் பின்னே நரம்பு உண்டா என்று பார்ப்பது மீனவர்க்கு நல்ல பழக்கம்.

பிரிப்பதற்கு முன் அறிய வேண்டியவை

திறவாமலேயே பெட்டியின் நிலையைப் பெரும்பாலும் கணித்துவிடலாம். மோட்டாரை ஓரிரவு செங்குத்தாக நிறுத்திவைத்து, மறுநாள் அடித்துளையின் திருகாணியை மெல்லத் தளர்த்த வேண்டும். நீர் எண்ணெயைவிடக் கனமானதாதலால், உள்ளே தங்கிய நீர் முதலில் வெளிவரும். எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால், நீர் அதனோடு கலந்து கடையப்பட்டுள்ளது என்பது தெளிவு. எண்ணெய் கருத்திருந்தும் தெளிவாக இருப்பின் அச்சமில்லை.

எண்ணெயோடு வரும் உலோகத்தையும் விரல்நுனியில் தேய்த்துப் பார்க்க வேண்டும். மாவுபோன்ற நுண்துகள் இயல்பான தேய்மானத்தின் அடையாளம். விரலில் குத்தும் சில்லுகளோ, பல்லின் வடிவம் தோன்றும் துண்டுகளோ இருந்தால் சக்கரம் உடைந்துள்ளது என்க.

அடுத்து, தீப்பொறிக் குமிழின் கம்பியைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கம்பியைக் கழற்றாமல் இதனைச் செய்யின் பொறி திடீரென்று உயிர்பெற்றுக் கையைத் துணித்துவிடக்கூடும். நடுநிலையில் விசிறி தடையின்றிச் சுழல வேண்டும். முன்கியரில் அதனைத் திருப்பினால் மேலேயுள்ள பொறியும் உடன் திரும்ப வேண்டும். விசிறித்தண்டின் முனையை உற்றுநோக்கியவாறு சுழற்றினால், தண்டு வளைந்திருப்பின் அம்முனை சிறு வட்டமிடுவது கண்ணுக்குத் தெரியும். வளைந்த தண்டில் புதிய வளையத்தைப் பொருத்துவது வீண் வேலை.

பிரிக்கும் முறை

காலிலிருந்து அடிப்பெட்டியை இறக்குவதற்கு முன், மேலிருந்து வரும் கியர்க் கம்பியும் பெட்டியிலிருந்து எழும் கம்பியும் கூடும் இணைப்பை விடுவிக்க வேண்டும். இதனை மறந்து பெட்டியை இழுத்துக் கம்பியை வளைத்தவர் பலர்.

அலுமினியப் பெட்டியில் எஃகுத் திருகாணிகள் ஆண்டுக்கணக்கில் உப்புநீரில் கிடந்தால் அவை இறுகிப்போகின்றன. இருவேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருக்கும்போது மின்கலத்தைப்போன்ற ஒரு நிகழ்ச்சி நடைபெறுகிறது. அதில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. அப்பொடி திருகாணியின் மரைகளில் அடைந்து அதனைக் கவ்விக்கொள்கிறது. இங்கே வலிமையைவிடப் பொறுமையே பயன்படும். ஊடுருவும் எண்ணெயை இட்டு ஓரிரவு விடுதல், தீச்சுடரால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குதல், தலையில் மெல்லத் தட்டுதல், சிறிது இறுக்கிப் பின்னர்த் தளர்த்துதல் என்னும் முறைகளை மாறிமாறிச் செய்ய வேண்டும். சூடாக்கும்போது அலுமினியம் எஃகைவிட மிகுதியாக விரிவதால் பிடி தளர்கிறது. எரிபொருள் தொட்டி அருகில் இருத்தல் கூடாது.

அக்கால மோட்டார்கள் பலவற்றில் பெட்டி மேல் கீழ் என இரு பாதிகளாக இருக்கும். கீழ்ப்பாதியைப் பிடித்துள்ள திருகாணிகளைக் கழற்றியதும் அது தனியே வந்துவிடும். விசிறித்தண்டும் சக்கரங்களும் கிளட்சும் கண்முன் தோன்றும். ஆனால் ஓர் எச்சரிக்கை. சில மாதிரிகளில் எண்ணெய்த் துளையின் அருகே நட்சத்திரத் தலையுடைய திருகாணி ஒன்று உண்டு. அது எண்ணெய்த் துளையின் மூடி அன்று. உள்ளே கியர் மாற்றும் நெம்புகோலைத் தாங்கி நிற்கும் அச்சு. எண்ணெய் மாற்றும்போது தவறி அதனைக் கழற்றிவிட்டால் நெம்புகோல் இடம்பெயர்ந்துவிடும். பின்னர் முழுப்பெட்டியையும் திறந்தாலன்றி அதனை மீண்டும் பொருத்த முடியாது. பெட்டியைப் பிரிக்கும்போதோ, முதலில் கழற்ற வேண்டியதே அதுதான்.

கழற்றிய உறுப்புகளை ஒரு பலகைமேல் கழற்றிய வரிசையிலேயே அடுக்க வேண்டும். சக்கரங்களின் பின்னே இருக்கும் மெல்லிய வட்டத் தகடுகள் பற்களின் பொருத்தத்தை அளவிட்டு அமைப்பவை. அவற்றை இடம் மாற்றினால் பற்கள் ஒன்றோடொன்று மிக நெருங்கியோ மிக விலகியோ நிற்கும். இக்காலத்தில் கைப்பேசியால் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்துக்கொள்வது எளிது.

தேய்மானத்தைக் கணித்தல்

எல்லாவற்றையும் கழுவி உலர்த்திய பின்னரே கண்ணால் தீர்ப்புக் கூற வேண்டும். பற்சக்கரத்தின் பற்களில் பளபளப்பான தேய்தடம் இருப்பது குற்றமன்று. பல் முனை உடைந்திருத்தல், முகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்திருத்தல் ஆகியவை குற்றம். பேரிங்கைக் காதருகே பிடித்துச் சுழற்றினால், துருவேறியது மணல் அரைபடுவதுபோல் ஒலிக்கும். அதனை மாற்றியே ஆக வேண்டும்.

கிளட்சின் பற்களை மிகுந்த கவனத்தோடு பார்க்க வேண்டும். அவற்றின் விளிம்புகள் கூர்மையான சதுரமாக இருக்க வேண்டும். உருண்டுபோயிருந்தால், விசை மிகும்போது பிடி வழுக்கிக் கியர் தானே விடுபடும். மோட்டார் ‘கடகட’ என்று குதிக்கும். கியரை மெதுவாக, தயங்கித் தயங்கி மாற்றுவதே இத்தேய்மானத்திற்குத் தலையாய காரணம். மெல்ல மாற்றுவது பொறிக்கு நன்மை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. மெல்ல மாற்றும்போது பற்களின் நுனிகள் மட்டுமே நெடுநேரம் மோதுகின்றன. பொறியின் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரே வீச்சில் மாற்றிவிடுவதே சரியான முறை.

கிளட்சின் இரு முகங்களும் ஒத்த வடிவில் அமைந்த மாதிரிகளில், அதனைத் திருப்பிப் பொருத்தலாம். பின்செல்லப் பயன்படும் முகம் குறைவாகவே தேய்ந்திருக்கும். அது முன்செல்லும் பணியை ஏற்கும். எனினும் அதனோடு சேரும் முன்சக்கரத்தின் பற்களும் உருண்டிருந்தால் இந்த உத்தி நெடுநாள் தாங்காது.

வளையம் அமரும் இடத்தில் தண்டை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். பழைய வளையம் பல ஆண்டு உரசியதால் அங்கே பள்ளம் விழுந்திருக்கலாம். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளமிருப்பின் புதிய வளையமும் அங்கே கசியும். வளையத்தைச் சற்றே இடம் தள்ளி அமர்த்தியோ, தண்டின்மேல் மெல்லிய எஃகு உறையை ஏற்றியோ இதனைத் தீர்க்கலாம்.

வளையங்களைப் பொருத்துதல்

பிரித்துப் புதுக்கும் வேலையின் உயிர்நிலை இதுவே. பற்சக்கரங்கள் நன்றாயிருப்பின் அவற்றைக் கழுவி மீண்டும் வைத்துவிடலாம். வளையங்களை அவ்வாறு செய்தல் கூடாது. பெட்டியைத் திறந்தபின் எல்லாத் தடுப்பு வளையங்களையும் புதியனவாக மாற்றுவதே முறை.

தடுப்பு வளையத்திற்கு முகமும் முதுகும் உண்டு. உட்புற உதட்டின்மேல் மெல்லிய சுருள்கம்பி தெரியும் பக்கமே முகம். எதனைத் தடுக்க வேண்டுமோ அதனை நோக்கி முகம் இருக்க வேண்டும். காரணம் எளிது. அந்தப் பக்கத்திலிருந்து வரும் அழுத்தம் உதட்டைத் தண்டோடு சேர்த்து இறுக்குகிறது. முதுகுப் பக்கத்திலிருந்து வரும் அழுத்தமோ உதட்டைத் தூக்கிவிடுகிறது. எண்ணெய் வெளியேறாமலும் நீர் உள்ளே வராமலும் காக்க வேண்டிய சில வாயில்களில், முதுகோடு முதுகு சேர்த்து இரண்டு வளையங்கள் வைக்கப்பட்டிருப்பது இதனாலேயே. பழையதைக் கழற்றும்போது அது எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளாதவர் பின்னர் மயங்குவர்.

புதிய வளையத்தை உள்ளே செலுத்தும்போது அதன் புற விளிம்பின் அளவேயுள்ள குழாய்த் துண்டை வைத்துச் சீராகத் தட்ட வேண்டும். ஒரு பக்கமாகத் தட்டினால் கோணி அமரும். தண்டை நுழைப்பதற்கு முன் உதட்டில் எண்ணெய் தடவ வேண்டும். தண்டின் கூரிய விளிம்புகள்மேல் ஒட்டுத்தாள் சுற்றிக்கொண்டால் உதடு கிழியாது.

பெட்டியின் இரு பாதிகளும் கூடும் விளிம்பில் ஒரு பள்ளம் ஓடும். அதில் சேமியாவைப்போன்ற நீண்ட ரப்பர் இழை வைக்கப்படுகிறது. பள்ளத்தில் மெல்லப் பசை தடவி இழையை அமர்த்தி, அதன் முனைகள் அடுத்துள்ள வளையத்தைத் தொட்டு அழுந்துமாறு மயிரிழையளவு நீளம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். நீளம் குறைந்தால் அந்த முனையே நீருக்கு வாயிலாகிவிடும்.

கூட்டுதலும் சோதித்தலும்

கீழ்ப்பாதியை மூடும்போது திருகாணிகளை ஒரே மூச்சில் இறுக்காமல், குறுக்கும் நெடுக்குமாகச் சிறிதுசிறிதாக இறுக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் விசிறித்தண்டைச் சுழற்றிப் பார்த்தல் நன்று. எங்கேனும் தண்டு இறுகினால் உடனே நிறுத்தி, காரணத்தைத் தேட வேண்டும். திருகாணி மரைகளில் நீர்த்தடுப்புப் பசை தடவுவது, கசிவைத் தடுப்பதோடு அடுத்த முறை கழற்றுவதையும் எளிதாக்கும்.

எண்ணெய் ஊற்றுவதற்கு முன் காற்றைக் கொண்டு சோதிப்பது அறிவுடைமை. எண்ணெய்த் துளையின் வழியே மிதமான அழுத்தத்தில் காற்றைச் செலுத்திப் பெட்டியை நீரில் அமிழ்த்தினால், கசிவுள்ள இடத்தில் குமிழிகள் எழும். மிகுந்த அழுத்தம் கூடாது. அது நல்ல வளையத்தையும் கெடுத்துவிடும். சைக்கிள் ரப்பர்க் குழாயின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் அதே முறைதான் இது.

எண்ணெயை மேல்துளை வழியாக ஊற்றலாகாது. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு, பெட்டி நிறைந்துவிட்டதுபோல் தோன்றும். அடித்துளையில் குழாயை வைத்து மெல்லச் செலுத்த வேண்டும். எண்ணெய் ஏற ஏறக் காற்று மேல்துளை வழியே வெளியேறும். மேல்துளையில் எண்ணெய் தோன்றியதும் முதலில் அதனை மூட வேண்டும். பின்னரே குழாயை எடுத்து அடித்துளையை மூட வேண்டும்.

தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரையும் இத்தருணத்திலேயே மாற்றிவிடுதல் நலம். மேலுறையை அழுத்திக்கொண்டே தண்டை அது ஓடும் திசையில் சுழற்றினால், ரப்பர் இதழ்கள் சரியான பக்கம் மடிந்து அமரும். பிறகு பெட்டியைக் காலோடு சேர்க்கும்போது மூன்று பொருத்தங்கள் ஒருங்கே அமைய வேண்டும்: தண்டின் வரிப்பற்கள், தண்ணீர்க் குழாய், கியர்க் கம்பி. வரிப்பற்கள் சேராவிடில் மேலேயுள்ள சக்கரத்தைச் சிறிது திருப்பினால் சேர்ந்துவிடும். சேராதிருக்கும்போது திருகாணியால் இழுத்து நெருக்குவது பெட்டியின் காதை உடைக்கும்.

நீர்த்தொட்டியில் காலை அமிழ்த்தியே மோட்டாரை முதலில் ஓட்ட வேண்டும். நீரின்றி ஓட்டினால் இம்பெல்லர் சில நொடிகளிலேயே தேயத் தொடங்கும். அப்போதுதான் வாங்கிய புதுப்பொருள் வீணாகும்.

முறியாணி

வேலை முடிந்து விசிறியை மாட்டும்போது இன்னொரு சிறு பொருள் எஞ்சும். சிறு மோட்டார்கள் பலவற்றில் விசிறியைத் தண்டோடு பிணைப்பது குறுக்கே செருகப்பட்ட மென்மையான உலோக ஆணி. பட்டறைகளில் ஷியர்-பின் என்பர். தமிழில் முறியாணி எனலாம். விசிறி பாறையிலோ மூழ்கிய மரத்திலோ மோதும்போது இவ்வாணி முறிந்துவிடுகிறது; அதனால் பற்சக்கரங்களும் தண்டும் பிழைக்கின்றன.

பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி என்னும் உவமை தமிழ் பயின்றோர்க்குப் புதிதன்று. அச்சாணி முறியாதிருந்து தேரைக் காக்கிறது. இவ்வாணி முறிந்து மோட்டாரைக் காக்கிறது. இதனை உணராமல், ‘அடிக்கடி முறிகிறதே’ என்று வலிய எஃகு ஆணியையோ வெட்டிய இரும்பு ஆணியையோ செருகுவோர் உண்டு. அதன்பின் மோதலில் முறிவது ஆணியன்று. தேடினாலும் எளிதில் கிடைக்காத பற்சக்கரமே. ஆதலின் உரிய ஆணிகள் இரண்டு மூன்றையும், அவற்றை மாற்றுவதற்கு வேண்டிய இடுக்கியையும் படகிலேயே வைத்திருக்க வேண்டும். நடுக்கடலில் ஆணி முறிந்து மாற்று ஆணி இல்லாதிருப்பின், நன்றாக ஓடும் பொறி இருந்தும் படகு அலையின் போக்கிலேயே செல்லும்.

அடிப்பெட்டியின் வரலாறு முழுவதும் இச்செய்தியையே கூறுகிறது. ஆற்றலைச் சுமப்பவை எஃகுச் சக்கரங்கள்; அவற்றை வாழவைப்பவை விரலளவு ரப்பர் வளையங்கள், சேமியா போன்ற ஓர் இழை, மென்மையான ஓர் ஆணி. விலை மதிப்பில் கடைசியில் நிற்கும் இவற்றைக் காலத்தில் மாற்றியவர்க்கு, அறுபது எழுபது ஆண்டுக்கு முன் செய்த மோட்டாரும் இன்று உழைக்கிறது. மாற்றாதவர்க்கு நேற்று வாங்கியதும் கைவிடும்.

புதுக்கிய பெட்டி முதல் நாள் ஓடி முடிந்ததும், ஓரிரவு ஆறவிட்டு அடித்துளையைச் சற்றே தளர்த்தி ஒரு துளி எண்ணெயை வெள்ளைத் துணியில் ஏந்திப் பார்க்க வேண்டும். அது தெளிவாயிருப்பின் வேலை செம்மையாக முடிந்தது என்று கொள்ளலாம். வெண்மை கலந்திருப்பின் ஏதோவொரு வாயிலில் காவல் தளர்ந்துள்ளது. பற்சக்கரம் துருவேறுமுன் மீண்டும் திறப்பதே குறைந்த செலவு.